அடைப்பைத் தேடிப் போய்க் கசிவைக் கண்டது

தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் டிராக்டருக்கு ஓய்வு கிடையாது. மன்னார்குடிக்குத் தெற்கே சம்பா அறுவடை மெஷின் ஒரு வயலை விட்டு ஏறியதும், வைக்கோல் கட்டும் மெஷினை இழுத்துக்கொண்டு நான் இறங்குவேன். ஒரு மழை பெய்தால் வைக்கோல் கறுத்துப்போகும்; அறுப்புக்கு முன்னாலேயே உளுந்து தெளித்த வயல் என்றால் முளை மிதிபடுவதற்குள் வெளியேற வேண்டும். இந்த அவசரத்தில் வண்டியின் மூக்கை யார் பார்க்கிறார்கள்?

வண்டி பழசு. மூன்று சிலிண்டர், 2.4 லிட்டர் எஞ்சின், 35 ஹெச்.பி. சொச்சம். ஏர் கிளீனர் காகித ஃபில்டர் இல்லை, கிண்ணத்து ஆயிலில் தூசியைப் பிடிக்கும் பழைய மாதிரி ஆயில் பாத். தை கடைசியில் இழுவை குறைந்தது. கட்டு பாதி சுருளும்வரை சத்தம் சரியாக இருக்கும். கட்டு இறுகி நூல் சுற்றும் நேரத்தில் எஞ்சின் முனகும், சைலன்சரில் கறும்புகை தள்ளும். முன்பு போன கியரில் போக முடியவில்லை. சாயங்காலம் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தால் வழக்கத்தைவிட இரண்டு லிட்டர் டீசல் கூடுதலாகக் குடித்திருந்தது.

கறும்புகை என்றதும் எல்லோரும் டீசல் பக்கம்தான் போவார்கள். நானும் போனேன். டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றினேன், மாற்றமில்லை. டீசலைப் பீய்ச்சும் நாசிலாக இருக்கும் என்றார் ஒருவர். டீசல் பம்ப்பைக் கழற்றி மேசையில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றது ஒரு பட்டறை. அவர்கள் சொன்ன தொகைக்கு இன்னும் பல வயல் கட்ட வேண்டும். எங்கள் வழக்கமான மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

“தம்பி, ஏர் கிளீனர் கிண்ணத்த எப்பக் கழட்டுன?”

பொங்கலுக்கு முன்னால் என்றேன். உண்மையில் தீபாவளிக்கு முன்னால். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த மௌனத்தின் அர்த்தம் புரியும். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். வைக்கோல் மெஷினைச் சுற்றும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓட என் வண்டி ஏறக்குறைய 1,600 ஆர்.பி.எம்.மில் நிற்க வேண்டும். 800 தடவை, ஒவ்வொரு தடவையும் 2.4 லிட்டர். சிலிண்டர் முழுசாக நிரம்பாது என்று கொஞ்சம் கழித்தாலும் நிமிடத்துக்கு 1,600 லிட்டருக்குக் குறையாது. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர்! பத்தடிக்குப் பத்தடியில், பத்தடி உயரத்தில் மூன்றரை அறை கொள்ளும் காற்று. அதுவும் எந்தக் காற்று? வைக்கோல் மெஷினுக்கு முன்னால், சுணையும் சருகும் புழுதியும் கலந்து ஆளே தெரியாமல் நிற்கிற காற்று. ஒரு லிட்டர் டீசல் முழுசாக எரிய சுமார் 10,000 லிட்டர் காற்று வேண்டும். அது குறைந்தால் எரியாத மிச்சம் கரியாகத்தான் வெளியே வரும். பம்ப் பாவம், அதன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் காலை, இரவெல்லாம் நின்று குளிர்ந்த வண்டியில் கை வைத்தேன். இது முக்கியம். ஓடி நிறுத்திய உடனே கிண்ணத்தைக் கழற்றினால், மேலே வலையில் ஏறியிருக்கும் ஆயில் இறங்கியிருக்காது. அரை மணியாவது விட வேண்டும். கழற்றும் இடத்திலும் கவனம் தேவை. களத்து ஓரமாக நிறுத்திக்கொண்டு செய்யக் கூடாது. மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து சிமெண்ட் தரையில் தண்ணீர் தெளித்து, வெளிப்பக்கம் முழுக்க ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் கிளிப்பைத் தளர்த்தினேன்.

முதலில் உச்சியில் இருக்கும் பிரீ கிளீனர். எங்கள் ஊரில் இதைத் தொப்பி என்போம். உள்ளே சாய்ந்த தகடுகள் காற்றைச் சுழற்றிவிடும். கனமான தூசி ஓரமாகப் பறந்து கண்ணாடிக் கிண்ணத்தில் விழும். அந்தக் கிண்ணம் கழுத்துவரை நிறைந்திருந்தது. அதற்குமேல் வரும் தூசிக்குப் போக்கிடம் கீழே ஆயில்தான். தொப்பியின் அடிச்சல்லடையில் சருகு சாணி வரட்டி மாதிரி அப்பியிருந்தது. பாதி அடைப்பு அங்கேயே இருந்தது. தொப்பியைத் தண்ணீரில் கழுவி வெயிலில் காய வைத்தேன். இதில் ஆயில், டீசல் எதுவும் படக் கூடாது. பட்டால் தூசி ஒட்டிக்கொண்டு கீழே விழாது.

அடுத்து ஆயில் கிண்ணம். கையில் எடுத்ததும் கனம் தெரிந்தது. மேலே இரண்டு விரற்கடை கறுப்புக் குழம்பு, அதன் அடியில் ஒரு அங்குலத்துக்கு மண். கேழ்வரகுக் களி பதம். ஸ்க்ரூ டிரைவரைச் செருகினால் நின்றது. மண் அரை அங்குலம் சேர்வதற்குள் ஆயிலை மாற்றிவிட வேண்டும். புழுதி வேலையென்றால் தினமும் திறந்து பார்க்க வேண்டும். நான் விட்டது எத்தனை நாள் என்று எண்ணவில்லை, எண்ணினால் வீட்டில் சொல்ல முடியாது.

ஆயில் பாத் வேலை செய்யும் விதம் எளிமையானது, அதனாலேயே அளவில் கறாரானது. நடுக்குழாய் வழியாகக் காற்று வேகமாகக் கீழே வந்து ஆயில் பரப்பின் மேல் மோதி, அப்படியே திரும்பி மேலே போகும். காற்று திரும்பிவிடும், தூசிக்குத் திரும்பத் தெரியாது, நேராகப் போய் ஆயிலில் விழும். போகிற போக்கில் காற்று கொஞ்சம் ஆயிலையும் துளியாக அள்ளிக்கொண்டு போய் மேலே உள்ள கம்பி வலையை நனைக்கும். தப்பிய தூசி அந்த ஈரத்தில் மாட்டி ஆயிலோடு சொட்டிக் கீழே வரும். ஆயில் குறைந்தால் வலை நனையாது. கூடினால் ஆயிலே எஞ்சினுக்குள் போகும். கெட்டியானால் துளியாகாது, வலை காய்ந்து வெறும் கம்பியாக நிற்கும். என் வலை அப்படித்தான் நின்றது, பாதி காய்ந்து, பாதி தார் பூசினாற்போல.

கீழ் வலையைக் கழற்றி டீசலில் ஊற வைத்தேன். ரேஷனில் மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைத்த காலத்தில் அதில்தான் கழுவுவோம். பெட்ரோலில் கழுவுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம், பீடி பற்ற வைத்தபடி ஒருவர் வந்து நின்றால் போதும். மூன்று முறை டீசலை மாற்றி அலசிய பிறகுதான் வலைக்குள் வெளிச்சம் தெரிந்தது. உதறி, கவிழ்த்து வைத்து, முழுசாக வடியவிட வேண்டும். வலையில் டீசல் தங்கியிருந்தால் ஸ்டார்ட் செய்ததும் அது எஞ்சினுக்குள்தான் போகும். நடுக்குழாயில் குச்சியில் துணி சுற்றி மேலும் கீழும் இழுத்தேன். குழாய்ச் சுவரிலேயே அரை விரல் கனத்துக்குப் பிசின்.

இதுவரை ஒழுங்கு. இனிமேல்தான் என் புத்தி.

கிண்ணத்தில் ஆயில் மட்டத்துக்கு ஒரு வரிப்பள்ளம் இருக்கும். எஞ்சினுக்கு ஊற்றும் அதே ஆயிலை அந்த வரிவரைக்கும்தான் ஊற்ற வேண்டும். என் கிண்ணத்துக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டப்பாவில் ஒரு லிட்டர் இருந்தது. மிச்சத்தை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும், இத்தனை நாள் பட்டினி போட்டதற்குச் சேர்த்து இருக்கட்டும் என்று முழுசையும் ஊற்றி மாட்டினேன்.

செல்ஃப் அடித்ததும் பிடித்தது. சத்தம் நன்றாக இருக்கிறதே என்று லேசாக ரேஸ் கொடுத்தேன். வெளுத்த நீலப்புகை கொட்டகையை மூடியது. ரேஸைக் குறைத்தேன், எஞ்சின் குறையவில்லை, தானாக ஏறியது. நிறுத்தும் நாபை இழுத்தேன். டீசல் நின்றுவிட்டது, எஞ்சின் நிற்கவில்லை! கிண்ணத்திலிருந்து உறிஞ்சிய ஆயிலையே எரித்துக்கொண்டு ஓடியது. ஐந்தாறு வினாடிதான் இருக்கும், மாடுகள் கயிற்றை அறுக்கப் பார்த்தன. அதிகப்படி ஆயில் தீர்ந்ததும் அதுவாக விக்கி அடங்கியது. அடங்காமல் போயிருந்தால் கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும்.

போனில் மெக்கானிக் அண்ணன் திட்டியதை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்துவிட்டு, “இனிமே அப்படி ஓடுனா நாபப் புடிச்சுத் தொங்காத. ஈரச்சாக்க எடுத்து அந்தத் தொப்பியச் சுத்தி அமுக்கு. காத்து நின்னா எல்லாம் நின்னுரும். கைய வச்சு மூடுனா கை போயிரும், சொல்லிட்டேன்” என்றார். மாமாவின் அறுவடை மெஷினைப் பார்க்க மறுநாள் ஊருக்கு வருவதாகவும், அதுவரை வண்டியைத் தொடக் கூடாது என்றும் உத்தரவு.

மறுநாள் வந்தார். கூடுதல் ஆயிலை வடித்து வரிக்குக் கொண்டுவந்தார். காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் மேனிஃபோல்டுக்குள் தேங்கியிருந்ததைத் துணியால் ஒற்றி எடுத்தார். எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்தோம். புகை கொஞ்ச நேரத்தில் தெளிந்தது, சத்தம் சீராக இருந்தது. வேலை முடிந்தது என்று நான் சாமான்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

அவர் தொப்பியை மட்டும் கழற்றிவிட்டு, ஒரு பலகையும் பழைய டயர் டியூபில் வெட்டிய தட்டையான ரப்பரும் கேட்டார். ரப்பரைப் பலகைக்கு அடியில் வைத்து, எஞ்சின் ஐடிலில் ஓடும்போதே காற்றுக் குழாயின் வாயில் அமுக்கினார். “இப்ப என்ன ஆவணும்?” என்றார்.

நிற்க வேண்டும். காற்று போகிற ஒரே வழியை மூடியாயிற்று. ஆனால் எஞ்சின் நிற்கவில்லை. திணறியது, தடுமாறியது, ஓடிக்கொண்டே இருந்தது. பலகையை நன்றாக அமுக்கியதும் கீழே எங்கிருந்தோ ‘ஸ்ஸ்’ என்று பாம்பு சீறுவது போல ஒரு சத்தம்.

“கேக்குதா? ஃபில்டருக்குப் போவாம உள்ள போற காத்து அது.”

ஏர் கிளீனரையும் மேனிஃபோல்டையும் இணைக்கும் ரப்பர் ஓஸின் அடிப்பக்கத்தில் இருந்து வந்தது சத்தம். அங்கே பிசுக்கும் புழுதியும் மெழுகினாற்போல மூடியிருந்தன. துடைத்துப் பார்த்தால் ஓஸின் மேல் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தது. எந்த மடையன் செய்த வேலை என்று கேட்க வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். கம்பியின் நுனியை உள்பக்கமாக மடித்துவிடும் பழக்கம் எனக்கு மட்டும்தான் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் மார்கழியில், நடவு முடித்து வரும் வழியில் ஓஸ் விரிசல் விட்டது. இன்றைக்கு மட்டும் ஓடட்டும் என்று நான்தான் கட்டினேன். அதன் மேல் புழுதி படிய, கண்ணிலிருந்தும் நினைவிலிருந்தும் போய்விட்டது. டியூப் ரப்பருக்கு ஆயில் ஆகாது. ஆயில் பட்டுப்பட்டு ஊதிப் பிசுபிசுத்து, விரிசலை விட்டு விலகியிருந்தது.

ஓஸைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். உட்சுவரில் ஆயில் ஈரத்தின் மேல், விரிசலில் இருந்து கிளம்பி மேனிஃபோல்டு பக்கமாக விசிறி போல விரிந்து போனது ஒரு புழுதித் தடம். விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். திருநீறு மாதிரி மென்மை, ஆனால் இரண்டு விரலுக்கு நடுவே நறநறவென்றது.

அந்த நறநறப்புதான் விஷயம். நெல்லின் உமியிலும் வைக்கோலிலும் சிலிக்கா நிறைய. வயல் மண் துகளிலும் அதேதான். கண்ணுக்குத் தெரிகிற சருகு எஞ்சினுக்குப் பெரிய எதிரி இல்லை. தலைமுடி கனம் சுமார் 70 மைக்ரான். அதில் பத்தில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு என்று இருக்கிற துகள்தான் பிஸ்டன் ரிங்குக்கும் அது உரசும் சிலிண்டர் சுவரான லைனருக்கும் நடுவில் உள்ள ஆயில் படலத்துக்குள் நுழைந்து உப்புத்தாள் வேலை பார்க்கும். ஃபில்டர் அடைத்தால் எஞ்சின் புகையைக் கக்கி ஊரைக் கூட்டிவிடும். ஓஸ் கசிந்தால் ஒன்றும் சொல்லாது. புகை இல்லை, இழுவை குறையாது, சொல்லப்போனால் கூடுதல் காற்றால் கொஞ்சம் சுறுசுறுப்பாகக்கூட ஓடும். கீழே ரிங் தேய்ந்துகொண்டிருக்கும்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஐப்பசியில் இருந்தே எஞ்சின் ஆயில் குறைந்துகொண்டு வந்தது. அடியில் ஆயில் தங்கும் சம்ப்பின் வாஷரில் ஒழுகுகிறது என்று நானாகவே முடிவு கட்டி, வாரம் அரை லிட்டர் ஊற்றி வந்தேன். தரையில் ஒரு சொட்டுகூட விழுந்ததில்லை. அந்த அரை லிட்டர் எங்கே போகிறது என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

ஸ்பேர் கடையில் அதே விட்டமுள்ள ரேடியேட்டர் ஓஸ் ஒன்றை நீட்டினார்கள். அண்ணன் கையால் அமுக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்துக்குச் செய்தது. உறிஞ்சும் இடத்தில் போட்டால் ரேஸ் கொடுக்கும்போது சப்பிப்போகும். உள்ளே நூல் வைத்து அழுத்திய, விறைப்பான ஓஸ்தான் வேண்டும் என்று பழையதைக் காட்டி வாங்கினோம். இரண்டு புது கிளிப்பும் கிண்ணத்து ரப்பர் வாஷரும் சேர்த்து, டீசல் ஃபில்டருக்கு நான் வீணாகச் செலவழித்ததைவிடக் குறைவாகவே ஆனது. கிளிப்பை இறுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கக் கூடாது, ரப்பரை அறுத்துவிடும். ஓஸ் உட்காரும் குழாய் விளிம்பில் இருந்த துருவை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிவிட்டு மாட்டினோம்.

மறுபடி பலகை. இந்த முறை வைத்த மூன்றாவது வினாடி எஞ்சின் கப்பென்று நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பலகையை என் கையில் கொடுத்தார். ‘வச்சுக்க’ என்று அர்த்தம்.

அங்கிருந்து மாமா வீட்டுக்குப் போனோம். அவருடைய அறுவடை மெஷினில் இருப்பது உலர் ஃபில்டர். வெளியே பெரிய காகித உருளை, அதற்குள் சின்னதாக ஒரு காவல் உருளை. அடைப்பு காட்டும் இண்டிகேட்டர் சிவப்பாகிவிட்டது என்பதுதான் புகார். நாங்கள் போனபோது மாமா வெளி உருளையைக் கழற்றி டயரில் ‘டொப் டொப்’ என்று அடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, அது தலகாணி இல்ல” என்றார் அண்ணன்.

அடித்தால் தூசி உதிரத்தான் செய்யும். கூடவே தகட்டு மூடி நசுங்கும், ரப்பர் சரியாக உட்காராது, மடிப்புகள் ஒட்டிய இடத்தில் விடும். தினமும் சாயங்காலம் பஞ்சர் கடையில் கொடுத்து வெளியிலிருந்து காற்றும் அடித்திருக்கிறார். அங்கே கம்ப்ரஸரில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் நிற்கும். காகிதத்துக்கு 30 பி.எஸ்.ஐ. போதும், அதுவும் உள்ளிருந்து வெளியே, முனையைக் காகிதத்தில் ஒட்டாமல் தள்ளிப் பிடித்து. வெளியிலிருந்து அடித்தால் தூசியை இன்னும் ஆழமாகக் குத்தி இறக்குகிறோம் என்றுதான் ஆகும்.

உருளையை இருட்டறைக்குக் கொண்டுபோய் உள்ளே டார்ச்சை விட்டுச் சுற்றினோம். மடிப்புகள் மங்கிய மஞ்சளாகத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் நாலைந்து ஊசிமுனை வெளிச்சம், நட்சத்திரம் மாதிரி. காவல் உருளையை இழுத்துப் பார்த்தால் அதுவும் சாம்பல் நிறத்தில் இருந்தது. வெளி உருளை ஓட்டையாகிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. மாமா இதையும் ஊதிப் போடலாமா என்று கேட்டார். காவல் உருளையைக் கழுவுவதோ ஊதுவதோ கிடையாது, மாற்றுவதுதான். இரண்டையும் புதுசாக வாங்கச் சொன்னோம்.

“தினமும் சுத்தமா வச்சிருந்தேனேப்பா” என்றார் மாமா, மனசு கேட்காமல். நியாயமான வருத்தம்தான். ஆனால் காகித ஃபில்டரில் கொஞ்சம் தூசி படிந்திருப்பது நல்லது. அந்தப் படலமே அடுத்து வரும் நுண்தூசியைப் பிடிக்கும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கொஞ்சம் புழுதி சுத்தமான பக்கத்தில் விழத்தான் செய்யும். இண்டிகேட்டர் சிவப்பு காட்டும்வரை அதை விட்டுவிடலாம். தினமும் செய்ய வேண்டியது, ஃபில்டர் கூட்டுக்கு அடியில் தொங்கும் ரப்பர் வால்வைப் பிதுக்கிச் சேர்ந்த தூசியைக் கொட்டுவது. மாமா மெஷினில் அந்த வால்வே இல்லை. எப்போதோ விழுந்துவிட்டது, இடத்தில் துணி அடைத்து வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, சைக்கிள் டியூப் நினைவுக்கு வந்ததும் அடங்கிவிட்டது.

இதெல்லாம் நடந்து 40 மணி நேரம் ஓட்டியாயிற்று, ஹவர் மீட்டர் கணக்கு. கறும்புகை போய்விட்டது, கட்டு இறுகும்போதும் முனகல் இல்லை, பழைய கியரிலேயே போகிறது. கிண்ணத்தைத் தினமும் காலையில் திறந்து பார்க்கிறேன். ஆயிலை மூன்று முறை மாற்றிவிட்டேன். பழைய ஆயில் ஒரு கேனில் சேர்கிறது. வாய்க்கால் கரையில் கொட்டுவதில்லை, எடுக்க வருபவரிடம் கொடுத்துவிடுவேன்.

எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன், உள்ளே போன மண் அதிலும்தானே கலந்திருக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து ஐடிலில் விட்டால் மூச்சு வாங்குவது போல் புகை குப்குப்பென்று வருகிறது. மூடியைக் கவிழ்த்து வாயில் வைத்தால் துள்ளுகிறது. ரிங் தேய்ந்திருக்கிறது என்று அண்ணன் சொல்லிவிட்டார். டிப் ஸ்டிக்கில் மட்டம் இப்போதும் இறங்குகிறது, முன்பைவிட மெதுவாக. உளுந்து அறுப்பும் கோடை உழவும் முடியட்டும், வண்டி சும்மா நிற்கும் வாரமாகப் பார்த்து ஹெட்டைக் கழற்றி லைனரைப் பார்ப்பதாக இருக்கிறோம். அதுவரை கொட்டகைச் சுவரில் பலகை தொங்குகிறது, பக்கத்தில் ஒரு சாக்கு.